தம்பிக்கு, குளக்கரை வீடியோ பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உன் பாப்பாவை எடுத்து நீ இணையத்தில் போடும் வீடியோக்கள் பற்றி நேற்று போனில் பேசி, பாதியிலேயே நிறுத்திவிட்டோம். மீதியை எழுதிவிடுகிறேன். பொதுவில் எழுதட்டுமா என்றபோது நீ சரி என்றாய். பாப்பாவுக்கும் படித்துக் காட்டினேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். குளத்தின் பெயரையும் நானே எடுத்துவிட்டேன்.

போன மாதம் கோவை வந்தபோதுதான் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவையை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். வாத்துக் குஞ்சு மாதிரிதான் இருக்கிறது. சத்தமே இல்லாமல் தலைகுப்புற உள்ளே போகிறது, நாம் நினைக்கிற இடத்தில் மேலே வருவதில்லை. பாப்பா கரையில் குத்தவைத்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். பதினாலாவது விரலில் ஆகாயத்தாமரைக்கு அந்தப் பக்கம் தலை தெரிந்தது. "அத்தை, பதினாலு!" என்று துள்ளினாள்.

நீ போனை எடுத்து, "பாப்பா, இப்படித் திரும்பி இன்னொரு தடவை சொல்லு" என்றாய். சொன்னாள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் கேட்டாய். மூன்றாவது தடவையும் மறக்காமல் துள்ளினாள். அதுதான் தம்பி, என்னை என்னமோ செய்துவிட்டது. அந்தப் பதினாலை அவள் தன் பறவைக் குறிப்பு நோட்டில் எழுதவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டது, "எத்தனை பேர் பார்த்தாங்கப்பா?"

வாரம் முழுக்க ஆபீஸில் உழைத்துவிட்டு, ஞாயிறு காலை 6 மணிக்குப் பிள்ளையோடு குளக்கரைக்குப் போகிற அப்பா எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெருமை வருகிறது, நாலு பேருக்குக் காட்டத் தோன்றுகிறது. எனக்குப் புரிகிறது.

ஆனால் நம் அப்பாவை நினைத்துப் பார். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து சிற்றலை ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்காருவார். வெரித்தாஸ், பீகிங், பிபிசி தமிழோசை என்று வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்புகள். எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அனுப்புவார். அவர் கேட்டதை உறுதிசெய்து நிலையத்திலிருந்து வண்ண அட்டை வரும். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். நாம் போய்க் கேட்டால்தான் அதைத் திறப்பார். மேஸ்திரி திட்டி அனுப்பிய நாளிலும் அந்த ஒரு மணி நேரம் அவருடையது. பாப்பாவுக்குப் பத்து வயதிலேயே அப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே நீ கூட்டம் கூட்டுகிறாய்.

அப்புறம், உன் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். பள்ளிச் சீருடை தெரிகிறது. தெருமுனைக் கடையின் போர்டு தெரிகிறது. ஞாயிறு காலை அவள் எங்கே இருப்பாள் என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிவிடலாம். இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கவே 13 வயது ஆக வேண்டும், முகம் மட்டும் இப்போதே போய்விட்டது. 2023-இல் நம் நாட்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. போடுவதே பெற்றோர் என்றால் பிள்ளையிடம் யார் கேட்பது? பிரான்சில் 2024-இல் கொண்டுவந்த சட்டத்தில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: பிள்ளையின் படத்துக்கு அப்பா அம்மா இருவரும் பொறுப்பு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப பிள்ளையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இணையமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். உன் கணக்கிலேயே ஏற்று, பெயரை மறைத்து வைக்கவும் வழி இருக்கிறது. முக்குளிப்பான் 3, நாமக்கோழி 20 என்று அவள் எண்ணியது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் போய்ச் சேரும். முகம் யாருக்கும் தேவைப்படாது.

பழைய வீடியோக்களை அவளோடு உட்கார்ந்து பார். எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று அவள் சொல்லட்டும். "எல்லாம் இருக்கட்டும்பா" என்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால், ஒரு வாரம் கழித்து மறுபடி கேள்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி வருகிறேன். பரணில் இருக்கும் அப்பாவின் ரேடியோ அட்டைகள் உள்ள பெட்டியை இறக்கி வை, அவளுக்குக் காட்ட வேண்டும். ஞாயிறு காலை மூன்று பேரும் போவோம். நோட்டு அவளிடம் இருக்கட்டும். முக்குளிப்பான் உள்ளே போனதும் இந்தத் தடவை நீ எண்ணு.

அன்புடன்,
அக்கா