தாசில்தார் சான்றிதழ் டெக்சாஸ் வங்கியில் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் மகனோ மகளோ இறந்துபோனால், ஊரிலிருக்கும் பெற்றோர் முதலில் போய் நிற்பது தாலுகா அலுவலகத்தில்தான். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை குத்தி, அங்குள்ள வங்கிக்குக் கூரியர் அனுப்புவார்கள். வங்கி அதைக் கண்டுகொள்ளாது. அது கேட்பது, இறந்தவர் குடியிருந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றம் கொடுக்கும் ஒரு தாள். உயில் இருந்தால் அதற்கு லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி என்று பெயர். இல்லாவிட்டால் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால், தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் டெக்சாஸ் நடைமுறையை மட்டும் எழுதுகிறேன்.

கோர்ட்டுக்கே போக வேண்டாத சொத்துகளை முதலில் தனியே பிரித்துவிடுங்கள். ஆயுள் காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, பெனிஃபிஷியரி (தனக்குப் பின் பணம் பெற வேண்டியவர்) பெயர் எழுதிய வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு இறப்புச் சான்றிதழும் அந்த நிறுவனத்தின் படிவமும் போதும். நம் ஊர் வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அங்கே பெனிஃபிஷியரிக்கே பணம் சொந்தம். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரை எழுதி, பிறகு மாற்றாமல் விட்ட வங்கிக் கணக்கு அப்பாவுக்குத்தான் போகும். வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகச் சேர்க்கும் ஓய்வூதியக் கணக்கான 401-கே மட்டும் விலக்கு: மனைவி எழுத்தில் சம்மதம் தந்திருந்தாலொழிய, கூட்டாட்சிச் சட்டப்படி அது மனைவிக்கு. இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதியாவது ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. மாநில அலுவலகத்தில் முதல் பிரதி 20 டாலர், கூட வாங்கும் ஒவ்வொன்றும் 3 டாலர்.

மிச்சமிருப்பதற்குத்தான் புரோபேட், அதாவது இறந்தவர் சொத்தை நீதிமன்றம் வழியாக உரியவர்களிடம் சேர்க்கும் நடைமுறை. ஹாரிஸ், டல்லாஸ், டாரண்ட், டிராவிஸ் போன்ற பெரிய கவுண்டிகளில் இதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. சின்னக் கவுண்டியில் கவுண்டி நீதிபதியே விசாரிப்பார். அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை! எங்கே இறந்தார் என்பது பெரிதல்ல, எங்கே குடியிருந்தார் என்பதுதான் கணக்கு. இறந்து 4 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

மனுவை வழக்கறிஞர் இணைய வழியில் போட்டாலும், அசல் உயில் 3 வேலை நாளுக்குள் கிளார்க் கையில் சேர வேண்டும். அதற்கு முன் யாரும் ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றி ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. தாளின் மூலையில் இரண்டு ஜோடி துளை தெரிந்தால், நடுவில் ஒரு பக்கம் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் கிளம்பும். அசலே கிடைக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உயில் கடைசியாக இறந்தவர் வசமே இருந்திருந்தால், அவரே கிழித்துப் போட்டுவிட்டார் என்றுதான் சட்டம் ஊகிக்கும். இல்லை என்று நிரூபிப்பது மனுதாரர் பாடு. உயில் வங்கி லாக்கரில் இருக்கலாம் என்று தோன்றினால், கணவன், மனைவி, பெற்றோர், வயதுவந்த பிள்ளைகள் ஆகியோர் வங்கி அதிகாரி முன்னிலையில் திறந்து பார்க்க டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது. கோர்ட் உத்தரவு இல்லாமலே வங்கி இதை அனுமதிக்கலாம்.

மனு வந்ததும் கிளார்க் நீதிமன்றத்தில் அறிவிப்பு ஒட்டுவார். பத்து நாள் கழிந்து வரும் திங்கட்கிழமைக்குப் பிறகு விசாரணை வைக்கலாம். ஆட்சேபம் இல்லாத வழக்கில் அந்த விசாரணை கால் மணி நேரம்கூடத் தாண்டாது. இன்னார் இறந்தார், இந்த ஊரில் குடியிருந்தார், உயிலை ரத்து செய்யவில்லை என்று சாட்சியம் சொன்னால் முடிந்தது. ஆனால் நம்மவர்கள் ஊரில் எழுதிய உயில் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். டெக்சாஸ் உயிலின் கடைசியில், எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்று இருக்கும். அது இருந்தால் சாட்சிகளைத் தேட வேண்டாம். நம் ஊர் உயிலில் அது இருக்காது; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததும் அதற்கு ஈடாகாது. அப்போது சாட்சி போட்டவரைக் கண்டுபிடித்து எழுத்துமூலம் வாக்குமூலம் வாங்க வேண்டும், அல்லது கையெழுத்தை அடையாளம் சொல்ல இரண்டு பேர் வேண்டும். தமிழில் எழுதிய உயில் என்றால் உறுதிமொழியுடன் கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பும் சேரும்.

அடுத்த தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், வங்கியில் முன்னால், வீட்டுப் பத்திரத்தில் இனிஷியல் மட்டும் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் நமக்குச் சாதாரணம். வங்கி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஆகவே 'இப்பெயராலும் அறியப்படுபவர்' என்று எல்லா வடிவத்தையும் மனுவிலேயே எழுதி, லெட்டர்ஸிலும் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு திருத்துவதற்கு மறுபடி மனு, மறுபடி காத்திருப்பு.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனை எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) உயிலில் போட்டிருந்தால் தவறில்லை. ஆனால் டெக்சாஸில் குடியிருக்கும் ஒருவரை, நோட்டீஸ் வாங்கிக்கொள்ளும் ஏஜெண்டாக எழுத்தில் நியமித்தால்தான் அவருக்குத் தகுதி. வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எக்ஸிகியூட்டர் மற்ற வாரிசுகளுக்கும் சேர்த்து நிற்பவர் என்பதால், பெரும்பாலான நீதிமன்றங்கள் ஒப்புவதில்லை.

உத்தரவு கிடைத்தபின் காலக்கெடு ஒவ்வொன்றாக வரும். 20 நாளுக்குள் பதவிப் பிரமாணம். லெட்டர்ஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கடன்காரர்களுக்குச் செய்தித்தாளில் அறிவிப்பு. உயிலை ஏற்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் பயனாளிகளுக்குக் கடிதம். பிரமாணம் எடுத்து 90 நாளுக்குள் சொத்துப் பட்டியல். அடமானம், வரி, நிர்வாகச் செலவு தவிர வேறு கடன் பாக்கி இல்லையென்றால், பட்டியலுக்குப் பதில் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுக் குடும்பக் கணக்கைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துக்கொள்ளலாம். லெட்டர்ஸைப் பத்துப் பதினைந்தாக வாங்கி அடுக்கி வைப்பதில் பயனில்லை. 60 நாளுக்குள் வழங்கியதா என்று தேதி பார்க்கும் வங்கிகள் உண்டு. அவ்வப்போது இரண்டு மூன்று வாங்குவதே சரி.

உயில் இல்லாமல் போனால் செலவு கூடும். வாரிசு யார் என்று நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். தெரியாத வாரிசு யாரேனும் இருக்கலாம் என்று, அவர்கள் சார்பாக ஒரு வழக்கறிஞரை நீதிமன்றமே நியமிக்கும். சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் குடும்ப விவரத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். வீடு நீங்கலாகச் சொத்து 75,000 டாலருக்குள், கடனைவிட அதிகமாக இருந்தால், இறந்து 30 நாள் கழித்துச் சிறு சொத்துப் பிரமாணப் பத்திரம் போதும். அதில் எல்லா வாரிசும் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டிலிருக்கும் பெற்றோர் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து இதைச் செய்யலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர்.

யார் வாரிசு என்பதிலும் நம் ஊர் வழக்கை அங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. மணமாகாத மகன் டெக்சாஸில் விட்டுப்போன வங்கிப் பணம் அப்பாவுக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. ஒருவர்தான் உயிருடன் இருந்தால், அவருக்குப் பாதியும் கூடப்பிறந்தவர்களுக்குப் பாதியும். அதே மகன் சொந்தச் சம்பாத்தியத்தில் திருச்சியில் வாங்கிய மனையோ 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முழுக்க அம்மாவுக்கு. மணமானவர் என்றால், பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தம்பதிக்கே பிறந்தவர்களாக இருக்கும்போது, டெக்சாஸில் இருவருமாகச் சேர்த்தது முழுதும் மனைவிக்குப் போகும். ஊரிலுள்ள அவருடைய சொந்தச் சம்பாத்திய நிலத்தில் மனைவி, பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குச் சமபங்கு.

இதனால் இரண்டு நாட்டுக்கும் தனித்தனி உயில் எழுதுபவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊர்ப் பத்திர எழுத்தர் வழக்கம்போல் 'இதற்கு முன் எழுதிய உயில்கள் யாவும் ரத்து' என்று ஒரு வரி போட்டுவிடுவார். அந்த ஒரு வரியில் டெக்சாஸ் உயிலும் போய்விடும். 'இந்தியாவிலுள்ள சொத்துகளைப் பொறுத்தவரை மட்டும்' என்று அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்