கப்பலை விட்டு இறங்கித் தேடு

கல்லடி, மட்டக்களப்பு
பங்குனி 12

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. படுவான்கரையில் அறுவடை முடிந்து தெருவோரமெல்லாம் நெல் காய்கிறது. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மற்றப் புதினங்களை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். ஆனி மாதம் நீ பிள்ளைகளோடு அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறாய் என்று வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன ஆவணியில் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அதே பாதைதான்.

நல்ல பியர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். கிடைக்கும், ஆனால் அதைக் கப்பலில் தேடாதே.

ஏறிய அன்றே, நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் விரும்பியதைக் குடிக்கலாம் என்று ஒரு திட்டத்தை விற்க வருவார்கள். துறைமுகங்களில் பகல் முழுவதும் நாம் வெளியேதான் நிற்போம் என்பதால் நான் வாங்கவில்லை. எங்கள் கப்பலில் எந்த மதுச்சாலைக்குப் போனாலும் உலகமெங்கும் கிடைக்கும் அதே பெரிய கம்பனி லாகர் என்ற இலேசான பொன்னிறப் பியர்தான். சிறிய ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பியர் என்று இரண்டு மூன்று வகை தகரத்தில் இருந்தன. அப்படி எடுத்தால் தகரத்தில் அடித்திருக்கும் திகதியைப் பார். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவின் வாசம் நாள்பட்டால் மங்கிவிடும், ஹொப்ஸ் தூக்கலாகப் போடும் ஐ.பி.ஏ. என்ற பியர் வகையின் உயிரே அந்த மணம்தான். சில கப்பல்களில் பியர் ஆலையே உண்டு. 2010இல் வந்த ஐடாபுளூ என்ற ஜெர்மன் கப்பலில் கடல்நீரை நன்னீராக்கிப் பியர் காய்ச்சினார்கள். 2016இல் வந்த கார்னிவல் விஸ்டா என்ற கப்பலிலும் ஆலை வைத்தார்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வன்கூவரில் ஏறுவதாக இருந்தால் ஒரு நாள் முந்திப் போய்விடு. கிரான்வில் தீவில் 1984இல் ஒரு சிறிய ஆலை தொடங்கினார்கள். கனடாவில் இந்த வகை ஆலைகளில் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. மாலை நேரத்தைக் கழிக்க நல்ல இடம்.

ஆனால் என் மனம் நிற்பது ஜூனோவில். அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம் அது. இருந்தும் வெளியூரிலிருந்து அங்கே போகத் தெரு கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். அங்கே 1986இல் ஒரு கணவனும் மனைவியும் அலாஸ்கன் என்ற ஆலையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 'அம்பர்' பியர், தங்கம் தேடி மனிதர்கள் குவிந்த காலத்தில் அக்கரையிலுள்ள டக்ளஸில் இயங்கிய ஓர் ஆலையின் பழைய குறிப்பிலிருந்து எடுத்தது. வாற்கோதுமையும் ஹொப்ஸும் கடல்வழியாகத்தான் வரவேண்டும். காய்ச்சி முடித்த சக்கையை மாட்டுக்குப் போடலாம் என்றால் பக்கத்தில் பண்ணைகள் இல்லை. அதனால் சக்கையை உலர்த்தி, அதையே எரித்துக் கொதிகலனை ஓட்டுகிறார்கள். நெல் அவிக்க உமியை எரிக்கும் நம் ஆலைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

1988இலிருந்து அவர்கள் காய்ச்சும் 'ஸ்மோக்ட் போர்ட்டர்' என்ற புகைமணக் கறுப்புப் பியர் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. முளைவிட்ட வாற்கோதுமையை ஆல்டர் மரப் புகையில் வாட்டுகிறார்கள். சால்மன் மீனைப் புகைபோடுவதும் அதே மரத்தில்தான். முதல் மிடறில் அடுப்படிப் பறணில் தொங்கும் வத்தல் இறைச்சியின் மணம் வந்தது, மச்சான். பிறகு கரிந்த சீனியின் கசப்பு, கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு. அந்த ஊரின் மரமும் மீனும் மழையும் ஒரு குவளைக்குள் வந்திருந்தன. நான் இலங்கை என்று சொன்னதும், ஊற்றிக் கொடுத்த பெண் "லயன் ஸ்டவுட் உங்கள் ஊரா?" என்று நம் நாட்டுக் கறுப்புப் பியரைப் பற்றிக் கேட்டாள். மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர் அதைப் புகழ்ந்திருக்கிறாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே பாதையிலுள்ள ஸ்காக்வே துறைமுகத்தில், ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இளந்தளிர் போட்ட பியரைத் தவறவிடாதே. தளிரை வசந்த காலத்தில் பறிக்கிறார்கள். எலுமிச்சை இலையைக் கசக்கினாற்போல ஒரு வாசம். கப்டன் குக்கும் 1773இல் நியூசிலாந்துக் கரையில் மரக்கிளைகளைக் காய்ச்சிப் பியராக்கி, ஈறில் இரத்தம் வடியும் ஸ்கர்வி நோய் வராமலிருக்க மாலுமிகளுக்குக் கொடுத்திருக்கிறார். எங்கே போனாலும் முழுக் குவளை கேட்காதே. சின்னக் குவளைகளில் நான்கைந்து வகை தருவார்கள். பிடித்ததைப் பிறகு எடுக்கலாம். கப்பலுக்குத் திரும்பும் நேரத்தை மட்டும் மறந்துவிடாதே. அது யாருக்காகவும் காத்திராது.

ஏ.எல். பரீட்சை முடிந்த மறுநாள் தாழங்குடாத் தோப்புக்கு விடியற்காலையில் சைக்கிள் மிதித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சீவற்காரர் மரத்திலிருந்து முட்டியை இறக்கி அப்படியே ஊற்றிக் கொடுத்தார். காற்றில் இருக்கும் மதுவமே (ஈஸ்ட்) அதை நொதிக்கவைத்துவிடும், மத்தியானம் ஆனால் புளித்துவிடும் என்றும் சொன்னார். அந்தக் கள்ளைத் தவறணைப் போத்தலில் நாம் ஒருநாளும் காணவில்லை. மரத்தடியில்தான் அது கள்ளு. ஜூனோவில் நின்றபோது அந்தக் காலையைத்தான் நினைத்தேன். நீ பக்கத்தில் இல்லையே என்றும் நினைத்தேன்.

ஒரு உதவி செய். அந்தப் போர்ட்டரில் இரண்டு போத்தல் வாங்கிவா. கரையில் வாங்கியதைப் பெரும்பாலும் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள். பற்றுச்சீட்டைக் கவனமாக வை. அந்தப் போர்ட்டர் ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் கெடாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னாய். தீர்த்தம் முடிந்து இரண்டு நாள் போனதும் தாழங்குடாவுக்குப் போவோம். சீவற்காரரின் மகன்தான் இப்போது மரம் ஏறுகிறார், அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு முன்னர் வரச்சொன்னார்.

அன்புடன்,
உன் மச்சான்