பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்

பாப்பா,

உன் புது விலாசத்தை அண்ணன் அனுப்பினான். அம்மா அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஏன் வீடு மாறினாய், கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. ஏசி ஒழுங்காக ஓடுகிறதா, கார் நிறுத்துகிற இடத்தில் ராத்திரி விளக்கு எரிகிறதா, அதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு, அவள் என்னிடம் சொல்லுவாள்.

உன் காரில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினாய்? பேட் இல்லை, ஆயிலைக் கேட்கிறேன். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஃபீனிக்ஸ் வறண்ட ஊர்தானே என்று விட்டுவிடாதே. அந்த வெயிலில் டயரும் சீக்கிரம் காய்ந்துவிடும், பட்டன் தேயவில்லை என்று நம்பாமல் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்.

இதை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆபீஸ் மெயில் மாதிரி வந்தது, கிழித்துவிட்டேன். நீ எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய்.

வண்டியை மறுபடி எடுத்திருக்கிறேன். ஆமாம், அந்தப் பழைய போன்டியாக் ஜிடிஓ காரைத்தான். எட்டு வருடம் கழித்து இந்த மார்ச்சில் தார்ப்பாயை விலக்கினேன். பின் சீட்டு முழுக்க எலி கூடு. டிக்கியின் தரையில் இருந்த ஓட்டை உனக்கு நினைவிருக்கும், அதற்குள் தலையை விட்டு டிரைவ்வேயைப் பார்த்து "அப்பா, தரை தெரியுது" என்று கத்துவாயே, அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டேன். இடது ஃபென்டர் இனி எந்த டிங்கரிங்குக்கும் தேறாது. அரிசோனாவிலிருந்து ஒன்று வரவழைத்தேன். அங்கே பாலைவனத்தில் கிடந்த வண்டிகளில் வெயிலுக்கு பெயின்ட் போயிருக்கும், டேஷ்போர்டு பிளந்திருக்கும், ஆனால் தகட்டில் துரு இருக்காது. இங்கே மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், 1966-ல் செய்த தகடு எத்தனை குளிர்காலம்தான் தாங்கும்? பெட்டியைப் பிரித்தபோது ஃபென்டரின் உள்மடிப்பில் சிவப்பு மண் இருந்தது. உன் ஊர்ப்பக்கத்து மண். துடைக்காமல் கொஞ்ச நேரம் விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டித் தகட்டில் இருந்த நம்பரைக் கண்டுபிடித்ததும் நீதான், அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லுகிறேன். 2009, போன்டியாக் கார் கம்பெனியையே மூடப்போகிறோம் என்று அறிவித்த வருடம், உனக்குப் பதினொன்று. விற்கிறவர் ஏதேதோ பேசிக்கொண்டிருக்க நீ டார்ச்சை அடித்து, கதவுத் தூணில் இருந்த தகட்டைத் துடைத்து "242" என்று படித்தாய். 1966 வண்டியில் நம்பர் 242 என்று தொடங்கினால் நிஜ ஜிடிஓ, மற்றதெல்லாம் பேட்ஜ் மாற்றிய லெ மான்ஸ், அதே கம்பெனியின் சாதாரண மாடல். நம்பருக்குள் ஒரு P வேறு, இங்கே மிச்சிகனில் போன்டியாக் என்கிற ஊரிலேயே செய்தது. முதலில் ஓடிய அன்று அந்த ஊர் பராசக்தி கோயிலுக்குத்தானே கொண்டுபோய் எலுமிச்சம்பழம் ஏற்றினோம், பிறந்த வீட்டுக்கே வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். பன்னிரண்டு வயதில் ஃபீலர் கேஜில் 16 என்று போட்ட இதழை எடுத்து, ஸ்பார்க்கை விட்டு விட்டுக் கொடுக்கிற பாயின்ட்டுக்கு இடைவெளி வைத்தாய், நான் மறுபடி அளந்தேன், சரியாக இருந்தது. ஒன்று எட்டு நான்கு மூன்று ஆறு ஐந்து ஏழு இரண்டு என்று ஸ்பார்க் வரிசையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாய். பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் போடு என்கிறார்கள், எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அப்படி இருந்த பிள்ளை, அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாய். மெசேஜ். அவள் அன்றைக்கு முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள், குளிக்கப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என்னோடு பேச வேண்டாம், அது வேறு. அவள் என்ன செய்தாள்?

சரி. பிரேக் டிரம் நான்கையும் கழற்றுவதில் தொடங்கினேன். முன்னால் டிஸ்க் போடுகிறேன். பதினாறு வயதில் கேட்டலாக்கை மடித்துக்கொண்டு வந்து, இந்த செட் போடலாம் அப்பா, டிஸ்க், இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேர்த்து வருது என்றாய். நான் கேட்கவில்லை. அசல் அசலாகவே இருக்க வேண்டும், உட்வர்டில், அந்தப் பழைய கார் ஊர்வலத்தில், கண்ணாடியை வைத்து அடியில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், 1966 மாடலை 96,946 பேர் ஒன்பதரை அங்குல டிரம்மோடுதான் வாங்கி ஓட்டினார்கள் என்று சொன்னேன். 335 குதிரைசக்தி, ஒன்றரை டன்னுக்கு மேல் கனம், நிறுத்துவதற்கு அந்த டிரம். அதிலும் 1966 வண்டியில், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை, எந்தச் சக்கரத்துக் குழாயில் கசிந்தாலும் நான்கும் போய்விடும். அடுத்த வருடமே, 1967-ல், இரண்டு அறையாக்கி முன்னுக்குத் தனி பின்னுக்குத் தனி என்று பிரித்துவிட்டார்கள், முன்னால் டிஸ்க்கும் கேட்டால் கிடைத்தது, இடித்தால் மடங்குகிற ஸ்டியரிங் தண்டும் அந்த வருடம்தான் வந்தது. ஒரே ஒரு வருடம் தள்ளிச் செய்த வண்டியாக இருந்திருந்தால் என்று எழுத வருகிறது. வண்டியைக் குறை சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், பாப்பா. அதற்காக இதை எழுதவில்லை.

ஏப்ரல் கடைசியில் பழைய குழாய்களைக் கழற்றினேன். பின் ஆக்சிலுக்கு முன்னால், ஃபிரேமில், நீளக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற இடம். நட்டை அரைச் சுற்றுத் திருப்பியதும் குழாயின் நுனி உள்ளே வளையமாகக் கழன்று நின்றுவிட்டது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒற்றை மடிப்பு. பிரேக் குழாயின் வாயை இரட்டையாக மடிக்க வேண்டும், முதலில் அச்சை வைத்து உள்ளே மடக்கி, அப்புறம் கூம்பை வைத்து விரிக்க வேண்டும், ஒற்றையாக விரித்தால் அதிர்வில் வெடித்துவிடும், படிக்கிற பையனுக்கும் தெரிந்த விஷயம். கம்பெனி போட்டது இரட்டை மடிப்பு. இது நான் போட்ட குழாய். 2014 குளிர்காலத்தில், வாடகைக்கு எடுத்த கருவியில், இரண்டு தடவை இரட்டை மடிப்பு போட்டு இரண்டும் கோணலாக வந்து, ராத்திரி பதினொன்றாகி, காலையில் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மூன்றாவதை ஒற்றையாக விரித்து முடுக்கிவிட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

அந்த இடத்துக்குக் கீழே ஃபிரேமில் விரல் அகலத்துக்கு பெயின்ட் உரிந்து பட்டையாக இறங்கியிருந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், ஆனால் இத்தனை நீளத்துக்குத் தின்ன வேண்டுமென்றால் பல நாள் சொட்டியிருக்க வேண்டும். மோதியதில் உடைந்தது இல்லை. அதற்கு முன்னாலேயே கசிந்துகொண்டிருந்தது.

நீ சொன்னாய். முந்தின வாரமே "பெடல் மெத்துனு இருக்கு அப்பா" என்று சொன்னாய், டிரம் அப்படித்தான் இருக்கும் என்றேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நெற்றியில் தையலோடு "பிரேக் பிடிக்கலை, தரைவரைக்கும் போயிருச்சு" என்று மூன்று தடவை சொன்னாய். நான் நர்ஸ் எதிரிலேயே பொய் சொல்லாதே என்றேன். வேகமாக ஓட்டினாய், போனைப் பார்த்தாய் என்றேன், இன்ஷூரன்ஸ்காரரிடமும் அதையே சொன்னேன், அதற்கப்புறம் சாவியை உன் கையில் கொடுக்கவே இல்லை. நாயோடு நடந்து வந்த பெரியவர் மேல் ஏறாமல் நீ ஸ்டியரிங்கை ஒடித்து மரத்துப் பக்கம் போனாய் என்று அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டியை இழுத்து வந்து கராஜில் இறக்கியபோது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரை ஈரமாகியதைப் பார்த்தேன். அடிபட்டது முன்னால். பின்னால் ஏன் ஈரம் என்று ஒரு நிமிடம் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். முப்பத்தோரு வருடம் எனக்கு வேலையே அதுதான், உடைந்த பாகத்தை மேஜையில் வைத்து ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது, காரணம் எழுதாமல் ஒரு ரிப்போர்ட்டையும் மூடியதில்லை. அன்றைக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்ததால்தான் எட்டு வருடம் அதைத் திறக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நீ பொய் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு அம்மா.

அம்மாவிடம் அன்றைக்கு ராத்திரியே சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்து, நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, "என்ன செய்யணும்?" என்றாள். புதுக் குழாயெல்லாம் நிக்கல் காப்பர், துருப் பிடிக்காது, ஒவ்வொரு வாயும் இரட்டை மடிப்பு, ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். குழாயில் இருக்கிற ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டுமே. வலது பின் சக்கரத்தில் தொடங்கினோம். நான் அடியிலிருந்து "அழுத்து, பிடி" என்கிறேன், அவள் "பிடிச்சிருக்கேன்" என்கிறாள், நீ சொல்லுகிற அதே மாதிரி. இடது முன் சக்கரம் வந்தபோது, பெடல் கல்லு மாதிரி இருக்கிறது என்றாள், அப்புறம் ஒன்றும் பேசாமல் காலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பர் உரசியதால் 14 அங்குல சக்கரத்தை விட்டுவிட்டு 15 போட்டிருக்கிறேன். இடுப்பு பெல்ட்டை எடுத்துவிட்டு முன்னால் இரண்டு பக்கமும் தோள் பெல்ட் வைத்தாகிவிட்டது. மடங்குகிற ஸ்டியரிங் தண்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமைக்குள் பெயின்ட் முடிந்துவிடும், அதே மோன்டெரோ சிவப்பு. உட்வர்டுக்குக் கொண்டுபோவதா இல்லையா என்று இன்னும் நினைக்கவில்லை. டிரைவர் சீட்டை உன் உயரத்துக்கு வைத்த இடத்திலிருந்து நகர்த்தவில்லை, நான்தான் முழங்காலை மடக்கி உட்காருகிறேன்.

பிரேக் ஆயிலை மட்டும் மறக்காமல் பார்த்துவிடு. பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தாலும் ஓட்டாதே, அங்கேயே நிறுத்திவிட்டு யாரையாவது கூப்பிடு, எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு.

கவருக்குள் சின்ன பிளாஸ்டிக் பையில் அந்த வளையத்தை வைத்திருக்கிறேன், இரண்டு அங்குலக் குழாயோடு. அது உன்னிடம்தான் இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் கையைக் கழுவிவிடு, உள்ளே இன்னும் ஆயில் ஒட்டியிருக்கும்.

அப்பா