அண்ணா, அந்தப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள அண்ணா,

சனிக்கிழமை தம்பியின் ஆண்டுத் திவசம். காலையில் ஐயர் வருவார், மத்தியானம் சனம் சாப்பிட வரும், எல்லாம் நீங்கள் ஒழுங்கு செய்தபடி நடக்கும். அதில் எதையும் நான் மாற்றப்போவதில்லை. சனம் போன பிறகு, பின்னேரம் ஐந்து மணிக்கு, அம்மா வீட்டு பேஸ்மெண்டில் அவனுடைய ஸ்பீக்கரில் ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'டர்ட்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை போடப்போகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "சத்தத்தைக் குறைச்சுப் போடு பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

இதை ஏன் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். செத்த வீட்டில், அவ்வளவு பேருக்கு முன்னால், "உந்தப் பேய்ப் பாட்டுகள்தான் அவனைக் கொண்டுபோனது" என்று சொன்னீர்கள். அந்த வார்த்தை ஊர் முழுக்கச் சுற்றி, கனபேருக்கு இப்போது அதுதான் தம்பியின் கதை. எல்லோருக்கும் முன்னால் சொன்னதற்கு எல்லோருக்கும் முன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

அந்த நாளில் நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அது இங்கே வராது. அம்மாவின் சொந்தக்காரர் வாசிப்பார்கள்.

அவனுடைய சீடிப் பெட்டியைக் குப்பை எடுக்கிற நாளில் வெளியில் வைத்தீர்களே, அதை நான்தான் எடுத்தேன். சொல்லாமல் எடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள். இன்னொரு தடவை வெளியில் வைத்தாலும் எடுப்பேன், அதனால் இந்த மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உங்களை நோகடிப்பதற்காக எடுக்கவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

பெட்டியில் மேலே இருந்தது 'டர்ட்'. அந்த அட்டைப் படத்தை நீங்கள் எவ்வளவு வெறுத்தீர்கள் என்பது நினைவிருக்கிறது. வெடித்துக் காய்ந்த நிலத்தில் பாதி புதைந்து கிடக்கிற பெண். ராக்கி ஷெங்க் எடுத்த படம் அது. உங்களுக்கு அது பிணம். தம்பி அதை வேறு மாதிரிப் பார்த்தான்: "அவள் புதையிறாளோ, வெளியில வாறாளோ எண்டு சொல்லேலாதக்கா" என்பான். ஆல்பம் முழுக்க எனக்கும் அந்தச் சந்தேகம்தான் கேட்கிறது.

நீங்கள் பாட்டுகளைக் கேட்கவில்லை அண்ணா. வரிகளை எங்கேயோ தேடி வாசித்தீர்கள். போதைக்காரன் ஒருவன் பாடுவதாக வருகிற 'ஜங்க்ஹெட்' பாட்டின் வரிகளை அச்சடித்து என் கையில் தந்தீர்கள். தனியே வாசித்தால் அது பெருமையடிக்கிற பாட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும், உங்களுக்கு என்ன தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்துகிற குரல். அதற்கு அடுத்த பாட்டைப் போட்டுப் பாருங்கள். 'டர்ட்' என்ற அந்தப் பாட்டில் அதே ஆள் தன்னையே மண்ணுக்குள் தள்ளச் சொல்கிறான். அப்புறம் 'காட் ஸ்மாக்', 'ஹேட் டு ஃபீல்', 'ஆங்கிரி செயர்'. பெருமை ஒவ்வொரு பாட்டாகக் கழன்று விழுகிறது. 'ஆங்கிரி செயர்' வரும்போது கதிரையில் தனியே ஒருவன் இருக்கிறான், எதிரே களிமண்ணில் தெரிகிற தன் உருவத்தைப் பார்த்தே பயப்படுகிறான். கடைசியில் சொன்ன இரண்டையும் இசைக்குழுவின் பாடகர் லேன் ஸ்டேலி தனியே எழுதினார், வேறு யாருடைய கையும் அதில் இல்லை. போதையைப் புகழ வந்தவர் இப்படி ஒரு வரிசையை வைப்பாரா? உள்ளே போன ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பொய் சொல்லாமல் சொன்னது அது.

1996இல் ரோலிங் ஸ்டோன் இதழில் லேன் இதைப் பற்றிக் கதைத்திருக்கிறார். ரசிகர்கள் தன்னிடம் வந்து, தாங்கள் போதையில் இருப்பதாகச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள், எது நடக்கக்கூடாது என்று நினைத்தேனோ அதுதான் நடந்தது என்று. அதை வாசித்த நாளில் நான் அழுதேன். அவரும் நீங்களும் பயந்தது ஒரே விஷயத்துக்கு. ஆனால் அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். அவர்கள் எல்லோர் வீட்டிலும் திவசம் நடக்கவில்லை. நானும்தான் கேட்டேன், அவன் கேட்ட அளவுக்கு.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். முதல் பாட்டு 'தெம் போன்ஸ்', முன்னிசை எதுவும் இல்லாமல் கத்தலோடு தொடங்குகிற பாட்டு. அதன் சரணங்கள் ஏழு எண்ணிக்கையில் ஓடும். அவனுடைய கூட்டாளிகள் எல்லோரும் அதில் தடுக்கி விழ, இவன் தொடையில் தட்டி மிஸ்ர சாபு போட்டான். தகிட தகதிமி, தகிட தகதிமி, ஒரு இடத்திலும் பிசகவில்லை. பனிக்காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அவனை இரண்டு பஸ் மாறி மிருதங்க வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள். அந்தப் பாட்டு அவனுக்கு முதல் தடவையே விளங்கியதற்கு நீங்கள்தான் காரணம். இதை நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் வாட்டர்லூவில் படித்த காலம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் பின்னேர ஷிஃப்ட். ஒரு இரவு மழையும் பனியும் சேர்ந்து கொட்டியது, பஸ் ஓடாது என்று தம்பி காரை எடுத்துக்கொண்டு அப்பாவை ஏற்றப் போனான். நானும் போனேன். காரில் சீடி இல்லை, அவன் கசெட்டில் பதிந்து வைத்திருந்தது ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஏறினதும் நிறுத்துவான், வழக்கம் அதுதான். அன்றைக்கு வீதி வழுக்கியதில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க, நிறுத்த மறந்துவிட்டான். 'ரூஸ்டர்' தொடங்கியது.

அதன் தொடக்கத்தில் சொல் இல்லை. மெல்லிய கிட்டாருக்கு மேலே குரல் மட்டும் நீண்டு இழுபடும். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆரடா உது, ஒப்பாரி வைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். ஏச்சுக் குரல் இல்லை, உண்மையாகவே கேட்டார். தம்பி சொன்னான்: கிட்டார் வாசிக்கிற ஜெர்ரி கான்ட்ரெல் தன் தகப்பனுக்காக எழுதினது, தகப்பன் வியட்நாம் சண்டைக்குப் போய்வந்தவர், 'ரூஸ்டர்' அவருடைய பட்டப்பெயர், வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை, அதனால் மகன் தகப்பனுடைய வாயாக இருந்து எழுதிப் பார்த்தான்.

அப்பா, "எப்பிடிக் கதைக்கிறது?" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டு ஏறிக்கொண்டே போனது. உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு, முணுமுணுப்பாகத் தொடங்கி, நடுவில் லேனின் குரல் திறக்கிற இடத்தில் காரின் கண்ணாடி அதிரும். அப்பா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். முடிந்ததும், "திருப்பிப் போடடா" என்றார்.

கட்டடத்துப் பார்க்கிங்கில் எஞ்சினை நிறுத்தாமல் இருந்தோம். அப்பா கதைத்தார் அண்ணா. 1987 ஐப்பசியில், யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தின் சண்டை நடந்த நேரம், நல்லூர்க் கோயிலுக்குச் சனத்தோடு சனமாக நடந்த நாளைப் பற்றி, அதற்கு முதல்நாள் இரவைப் பற்றி. சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அதில் பெயர்கள் இருக்கின்றன, அந்தக் குடும்பங்கள் இந்த ஊரிலும் இருக்கின்றன. எதற்காக அப்பா வெடிச் சத்தம் என்றால் கானடா தின வாணவேடிக்கைக்கும் குளியலறைக்குள் போய் நின்றார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அப்பாவின் கையை யார் பிடித்திருக்கிறோம்?

இறங்கும்போது அப்பா கேட்டார்: "அந்தப் பெடியன்ர தகப்பன் இந்தப் பாட்டைக் கேட்டவரோ?" தம்பிக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கிறார். 1999இல் வந்த அவர்களுடைய 'மியூசிக் பாங்க்' பாட்டுத் தொகுப்பின் குறிப்புகளில் கான்ட்ரெல் அதைச் சொல்கிறார். ஒரு கச்சேரியில் தகப்பன் பின்னால் சவுண்ட்போர்டுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத் தொப்பியோடு நின்றாராம். பாட்டு முடிந்ததும் தொப்பியைக் கழற்றி மேலே உயர்த்திப் பிடித்தாராம், பாட்டு முழுக்க அழுதுகொண்டே நின்றாராம். இதை நான் வாசிக்கும்போது அப்பா இல்லை. சொல்ல முடியாமல் போனது இன்றைக்கும் உள்ளுக்குள் கிடக்கிறது.

நீங்கள் அந்தக் காரில் இல்லை. அது உங்கள் பிழை இல்லை, நீங்கள் படித்ததால்தான் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்தோம். அப்பா அதை ஏன் பிறகு உங்களிடம் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அதே கசெட்டை, அதே சீடியை, என்னவென்று ஒருக்காவும் கேட்காமல் குப்பையோடு வைத்தீர்களே. அப்பாவை எங்களிடம் கதைக்க வைத்தது அது. ஐயர் இல்லை, மாமா இல்லை, நீங்களும் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

உங்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது, எப்போதும் ஒருவன் கத்துகிறான் என்று. ஒருவன் இல்லை, இரண்டு பேர். லேனும் கான்ட்ரெல்லும் ஒட்டிக்கொண்டே பாடுவார்கள், எது யாருடைய குரல் என்று பிரிக்க முடியாத அளவுக்கு. இந்த இசைக்குழுவின் உயிரே அதுதான் என்பேன். அந்தக் காலத்து சியாட்டில் இசைக்குழுக்கள் எல்லாவற்றிலும் எனக்கு இவர்கள் மேலே நிற்பது அதனால்தான். 'டவுன் இன் எ ஹோல்' பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகிற பாட்டு, எங்கள் சீடியில் கடைசிக்கு முன்னால் வரும். கான்ட்ரெல் தன் காதலிக்காக எழுதியது. அதை நானும் தம்பியும் பாத்திரம் கழுவும்போது பாடுவோம், அவன் கீழ்க்குரல், நான் மேல்க்குரல். அவன் இல்லாமல் அந்தப் பாட்டில் எனக்கு இடமே கிடைக்கவில்லை. கன காலம் அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போட்டேன். சனிக்கிழமை தாண்டமாட்டேன்.

லேனிடமும் எனக்குக் கோபம் உண்டு, நீங்கள் நினைக்கிற மாதிரி நான் கண்மூடி ரசிகை இல்லை. அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு, அவ்வளவையும் தெரிந்துகொண்டு, 2002 ஏப்ரல் 5. வயது 34. இரண்டு கிழமைக்குப் பிறகுதான் வீட்டுக்குள் கண்டெடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் தம்பி வேலைக்குப் போகவில்லை. பேஸ்மெண்டில் ஒரே பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'வுட்?' (Would?). மேலே நீங்கள் காலால் தரையைத் தட்டினீர்கள்.

அந்தப் பாட்டு 1990இல் போதையால் இறந்துபோன ஆண்ட்ரூ வுட் என்ற பாடகரின் நினைவில் எழுதினது. பேஸ் கிட்டார் தனியே நடந்து வரும், கான்ட்ரெல் தாழ்ந்த குரலில் தொடங்குவார், லேன் பிறகு வந்து தூக்குவார், ஒரு கேள்வியில் சட்டென்று முடியும். இறந்த நண்பனுக்காக மட்டும் அதை எழுதவில்லை, அடுத்தவனுடைய முடிவுகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்த்தும் எழுதினேன் என்று கான்ட்ரெல் சொல்லியிருக்கிறார். அண்ணா, செத்த வீட்டில் நீங்கள் சொன்னதை நான் கேட்டுக்கொண்டு நின்றபோது என் தலைக்குள் அந்த பேஸ்தான் ஓடியது.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு சீடியைக் குற்றம் சொல்லலாம், அது திருப்பிக் கதைக்காது. அவனுக்காக நீங்கள் கையெழுத்து வைத்த காகிதங்கள், கட்டின காசு, இரவில் தேடி அலைந்த இடங்கள், இதெல்லாம் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தீர்கள், இன்றைக்கும் நான் அதை விவரிக்கப்போவதில்லை. நீங்கள் செய்ததை நான் பார்த்தேன் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். லேனின் அம்மா, மகன் போன பிறகு அவனுடைய பெயரிலேயே சியாட்டிலில் போதையிலிருந்து மீள்கிறவர்களின் சிகிச்சைக்கு ஒரு நிதி தொடங்கினார். பெயரை மறைக்கவில்லை, பாட்டுகளையும் மறைக்கவில்லை. நாங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை, எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். தம்பி என்ன கேட்டான், எதில் சந்தோஷப்பட்டான் என்பதையாவது மறைக்காமல் இருப்போம்.

57 நிமிடம்தான். வந்தால் தொடக்கத்திலிருந்தே இருங்கள், 'ஜங்க்ஹெட்'டோடு எழும்பிப் போகாதீர்கள். முடிந்த பிறகு அப்பா அன்றைக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன், முழுவதும், பெயர்களோடு, வேறு யாரும் இல்லாமல். அண்ணியும் பிள்ளைகளும் மேலே அம்மாவோடு இருக்கட்டும்.

வராவிட்டாலும் பெட்டியைத் திருப்பித் தரமாட்டேன்.

அன்புடன்,
தங்கச்சி