கொர்தோபா ஆளில்லாத நிலத்தில் எழுந்த நகரமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அர்ஜென்டினாவின் கொர்தோபா நகரை நிறுவிய ஸ்பானிய ஆளுநர் ஹெரோனிமோ லூயிஸ் தெ கப்ரேரா பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒருவரை அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அவரை 'ஆளரவமற்ற வெளியில் நகரம் கண்டவர்' என்று அதில் குறிப்பிட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அது பிழை என்பதோடு, அவர் உயிரை இழக்க நேர்ந்த காரணத்தையும் மறைத்துவிடுகிறது.

செவில் நகரில் பிறந்து பெருவுக்கு வந்த கப்ரேரா, 1563-இல் அங்கே இக்கா நகரை நிறுவினார். 1571-இல் பெருவின் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ அவரை, இன்றைய அர்ஜென்டினாவின் வடபகுதியிலிருந்த துக்குமான் மாகாணத்தின் ஆளுநராக நியமித்து, பெருவுக்குச் செல்லும் வழிக்குக் காவலாகச் சால்த்தா பள்ளத்தாக்கில் ஓர் ஊரை அமைக்குமாறு பணித்தார். கப்ரேராவோ தெற்கே வெகுதூரம் சென்று, 1573 ஜூலை 6 அன்று சுக்கியா ஆற்றங்கரையில் கொர்தோபாவை நிறுவினார். பரானா ஆற்றின் வழியாக அட்லாண்டிக் கடலுக்கு வழி திறக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதே ஆண்டில் அவர் பரானா கரைவரை சென்று துறைமுகத்துக்கு இடம் குறிக்க முயன்றதும், அங்கே அசுன்சியோனிலிருந்து (இன்றைய பராகுவேயின் தலைநகர்) வந்த ஸ்பானியத் தளபதி ஹுவான் தெ கராயைச் சந்தித்ததும் கட்டுரையிலேயே உள்ளன.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொரு காரணம், அங்கே வாழ்ந்த கொமெச்சிங்கோன் என்ற பழங்குடி மக்கள். கொர்தோபாவை ஒட்டிய மலைத்தொடரிலும் பள்ளத்தாக்குகளிலும் 600-க்கும் மேற்பட்ட ஊர்களைப் பார்த்ததாக அக்காலத்து ஸ்பானிய அறிக்கை ஒன்றே கூறுகிறது. கொமெச்சிங்கோன் மக்களின் வீடுகள் பாதி உயரம் மண்ணுக்குள் இறங்கியிருந்தன என்றும், நிலவறைக்குள் இறங்குவதுபோலவே அவற்றுக்குள் நுழைய வேண்டியிருந்தது என்றும், ஒரே வீட்டில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன என்றும், ஊர்களைச் சுற்றிக் கள்ளியும் முள்மரங்களும் வேலியாக நின்றன என்றும் அது விவரிக்கிறது. மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்த அவர்கள், அந்த ஆற்றங்கரையை கிஸ்கிசகாத்தே என்று அழைத்தனர். அம்மக்களின் உழைப்பையும் திறையையும் படைவீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் 'என்கொமியெண்டா' முறையில்தான் புதிய நகரம் பிழைக்க இயலும். ஆளில்லாத நிலமாக இருந்திருந்தால் கப்ரேரா அங்கே தங்கியிருக்கவே மாட்டார்.

ஆணையை மீறிய அந்த முடிவே அவருக்கு எமனாயிற்று. 1574-இல் அவருக்கு மாற்றாக வந்த கொன்சாலோ தெ அப்ரேயூ, அவரைக் கைது செய்து துக்குமானின் தலைநகரான சாந்தியாகோ தெல் எஸ்தேரோவுக்குக் கொண்டுசென்று, அவ்வாண்டே மரண தண்டனையை நிறைவேற்றினார். தொலேதோ கேட்டிருந்த சால்த்தா நகரம் 1582-இல்தான் எர்னாந்தோ தெ லெர்மாவின் கையால் எழுந்தது. தமக்கு முன் ஆளுநராயிருந்த அப்ரேயூவைச் சிறையிலிட்டு வதைத்தவரும் இதே லெர்மாதான்.

கப்ரேரா அந்த ஆற்றுக்குச் சான் ஹுவான் என்று பெயர் சூட்டினார். ஆனால் இன்று அர்ஜென்டினா மக்கள் அதைச் சுக்கியா என்ற பழம்பெயராலேயே அழைக்கின்றனர். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கும் தங்கள் பக்கங்களில் இடம் வேண்டும். 'ஆளரவமற்ற வெளி' என்ற சொற்களுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, அதில் கொமெச்சிங்கோன் மக்களின் பெயரையும் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்