அகராதி தொகுப்பவர்களுக்கு: கழுமரம் தூக்குமரம் இல்லை

வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் அகராதியில் 'கழுமரம்' என்பதற்குத் 'தூக்குமரம்' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருந்தது. பார்த்ததும் கோபம்தான் வந்தது. தூக்கு என்றால் கயிறு வேண்டும், கழுவில் கயிறுக்கு வேலையே இல்லை. முனை சீவிய மரத்தை நட்டு, அது உடலுக்குள் இறங்கும்படி ஆளை ஏற்றிவிடுவார்கள், உயிர் மெல்ல மெல்லத்தான் போகும். மலையாளத்தில் இன்று கழுமரம் தூக்குமரத்தைக் குறிக்கிறது, சரி, அது அந்த மொழியின் போக்கு.

கழு என்றாலே தண்டனை என்றும் இல்லை. சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளை அடுக்கும்போது 'கவையும் கழுவும் புதையும் புழையும்' என்கிறது, அங்கே அது கோட்டைக் காவலுக்கு. அப்புறம், புறநானூற்று 34ஆம் பாட்டின் 'கழுவாய்' பாவத்துக்கான பரிகாரம். அதைக் கொண்டுவந்து இந்தக் கழுவோடு முடிச்சுப் போடாதீர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வினைச்சொல். கழுவேற்றுபவன் அரசன், கழுவேறுபவன் சாகிறவன். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சம்பந்தரின் கதையை 12ஆம் நூற்றாண்டில் பாடிய சேக்கிழார், அவரிடம் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவரும் கழுவில் 'ஏறினார்கள்' என்கிறார். அது நடந்ததா என்று இன்றும் வாதாடுகிறோம், ஆனால் அந்த வினையைக் கவனியுங்கள், ஏற்றியவன் அதில் மறைந்தே போகிறான். தென்மாவட்டங்களில் வாய்க்கு வாய் வரும் 'கழுவேறி' என்ற வசவிலும் இதே கதைதான். கொன்றவனுக்கு ஒரு வசவும் இல்லை, செத்தவன் பெயர் மட்டும் திட்டாக நிலைத்துவிட்டது. அதே கழுவில் ஏறிய நாட்டுப்புறக் கதை நாயகன் காத்தவராயனை மக்கள் சாமியாக்கிக் கும்பிடுகிறார்கள்! திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் மாரியம்மன் திருவிழாவிலோ இளைஞர்கள் போட்டி போட்டு ஏறும் வழுக்கு மரத்துக்கும் கழுமரம் என்றுதான் பெயர்.

இத்தனையும் இருக்கிற சொல்லுக்கு ஒரு வரி போதாது. அடுத்த பதிப்பில் கழு, கழுவேறு, கழுவேற்று மூன்றையும் தனித்தனிப் பதிவாகக் கொடுங்கள், 'கழுவேறி'யை வசவு என்று சொல்லியே சேருங்கள், திருவிழாக் கழுமரத்தையும் விட்டுவிடாதீர்கள். 'தூக்குமரம்' என்ற அந்தப் பொருளைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.