தேவிக்கு: சிக்குக் கோலத்தில் கம்பி சேராதது ஏன்?

அன்புள்ள தேவி,

புள்ளிகளைச் சுற்றிக் கம்பி, அதாவது கோடு, இழுத்துச் சிக்குக் கோலம் போட்டால் கடைசியில் ஏதோ ஒரு கம்பி சேராமல் நின்றுவிடுகிறது, கைதான் சரியில்லை போல என்று எழுதியிருந்தாய். கையைக் குறை சொல்லாதே. புள்ளியைப் பார்.

அதற்கு முன் மாவு. இடியாப்ப மாவு வேண்டாம், நைஸாக இருப்பதால் விரலில் ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டு விழும். பச்சரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி, ரவையைவிடச் சற்றுப் பொடியாக மிஷினில் அரைத்துக்கொள். கல்மாவு நன்றாக ஓடும், ஆனால் எறும்புக்கு அதில் ஒன்றும் இல்லை. பழகும்வரை இரண்டையும் சரிபாதி கலந்துகொள். உன் வீட்டு டைல்ஸ் தரையில் தண்ணீர் தேங்கினால் மாவு கட்டிதட்டும். முழுக்கக் காய்ந்திருந்தால் காற்றில் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே ஆரம்பி.

புள்ளிக்குப் புள்ளி மூன்று விரல் இடைவெளி விடு. வரிசைக்கு வரிசையும் அதே மூன்று விரல்தான். நெருக்கி வைத்தால் கம்பி புள்ளியில் இடிக்கும். வரிசை சாய்ந்தால் குறுக்கே போகும் கம்பி பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடும்.

இனி கம்பி. அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு சந்திப்பு. அங்கே கம்பி நேராகக் கடந்து போக வேண்டும், திரும்பக் கூடாது. ஓரப் புள்ளியைச் சுற்றும்போது மட்டும்தான் வளைந்து உள்ளே வர வேண்டும். 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி வைத்துப் பழகு. ஏழு சந்திப்பு வரும், ஒவ்வொன்றையும் கம்பி இரண்டு முறை கடக்கும். எதையாவது ஒரே முறை கடந்திருந்தால் கோலம் இன்னும் முடியவில்லை.

இப்படிச் செவ்வகமாகப் புள்ளி வைத்து எல்லாச் சந்திப்பையும் கடந்தால், எத்தனை கம்பி வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். எத்தனை வரிசை, ஒரு வரிசைக்கு எத்தனை புள்ளி என்ற இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) எதுவோ அத்தனை. 3க்கு 4 ஒரே கம்பி. 4க்கு 6 இரண்டு. 4க்கு 4 நாலு தனிக் கம்பி! சதுரமாகப் புள்ளி வைத்துக்கொண்டு ஒரே கம்பியில் முடிக்கப் பார்த்தால் முடியவே முடியாது. உனக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

நம் பாட்டிமார் எண்ணிப் பார்க்காமலே இதைக் கையில் வைத்திருந்தார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். வாசலில் இருந்த கணக்கு அவ்வளவு பெரியது.

சதுரக் கோலத்தையும் ஒன்றாக்க வழி உண்டு. இரண்டு வேறு கம்பிகள் சந்திக்கும் ஓரிடத்தில் கடக்க விடாமல், இரண்டையும் ஒதுக்கி வளைத்துவிடு. இரண்டும் ஒன்றாகிவிடும். 4க்கு 4இல் இப்படிக் குறைந்தது மூன்று இடம் வேண்டும். ஆனால் ஒரே கம்பி தன்னைத்தானே கடக்கும் இடத்தில் வளைத்தால் அது இரண்டாகப் பிரிந்துபோகக்கூடும். ஆகவே வளைக்கும் முன் அந்தக் கம்பியை விரலால் தொடர்ந்து பார்த்துக்கொள்.

மாக்கோலத்தில் இப்போதே முயலாதே. ஈரமாவு காய்ந்த பிறகுதான் வெளுத்துத் தெரியும், போடும்போது எந்தக் கம்பி எங்கே போனது என்று பிடிபடாது. பொடியில் கை பழகட்டும்.

அன்புடன்,
சித்தி